ஒரே கரை, இரண்டு அளவுகோல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) தெற்கே போனால் ஒன்று கண்ணில் படும். மாநகராட்சிப் பகுதியில் கடலை ஒட்டியே மாடி வீடுகள். எல்லை தாண்டி ஊராட்சிக்குள் போனால், அதே தூரத்தில் புது வீட்டுக்கு அனுமதி கிடைப்பது அரிது. காரணம், சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. 1991-இல் வந்தது. ஓதம் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரை இதன் அதிகாரம்.

நகரமாகிவிட்ட கரையில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் என்றால் கட்டலாம், கடல்பக்கம் கூடாது. ஊர்ப்புறத்தில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானம் பொதுவாகக் கிடையாது. இதே விதிக்கான 2019 அறிவிக்கை இதிலும் ஒரு கணக்கைப் புகுத்தியது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் என்றால் அந்த 200 மீட்டர், 50 ஆகலாம். அலைக்கு ஜனத்தொகை எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்!

தரகர் ‘கடல் பார்த்த மனை’ என்று அழைத்துப்போனால், பட்டா, வில்லங்கச் சான்றோடு நிற்காமல், சர்வே எண்ணைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்திலும் பார்த்துவிடுங்கள். கோடு மனைக்கு நடுவிலேயே ஓடக்கூடும்.