உளியும் மின்கருவியும்



கருவறையில் எழுந்தருளியிருக்கும் கருங்கல் திருமேனியைக் கண்குளிரத் தரிசிப்போர், அதனை வடித்த கைகளை எண்ணிப் பார்ப்பது அரிது. மலேசிய, சிங்கை ஆலயங்களுக்குரிய கல் திருவுருவங்கள் பல தமிழகச் சிற்பக்கூடங்களில் உருவானவை. அவற்றுள் புகழ்பெற்ற ஊராகிய மாமல்லபுரத்தில் இன்று உளியோசையோடு கிரைண்டரின் இரைச்சலும் கலந்து ஒலிக்கின்றது.

காரணம் எளிது. கருங்கல்லில் அடங்கிய குவார்ட்ஸ் என்னும் கனிமம் உளியின் எஃகைவிடக் கடினமானது. உளி விரைவில் மழுங்கும். உலையிலிட்டுக் காய்ச்சிக் கூரேற்ற வேண்டும். வைரத்துகள் பதித்த வட்டத் தகடோ அக்கல்லையும் எளிதில் அறுக்கும். வேண்டாத பகுதியில் நெருக்கமாகக் கோடுகளை அறுத்து, இடையில் நிற்கும் மெல்லிய கல்வரிகளை உளியால் தட்டி உதிர்ப்பது வழக்கம். பல நாள் வேலை இதனால் சில நாளில் முடிகின்றது.

கருவியைத் தேர்வதில் விலை மட்டும் போதாது. தகட்டில் குறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் தகடு சிதறும். காப்புக் கவசத்தைக் கழற்றி வேலை செய்வது (பலர் செய்வதுதான்!) பெரும் ஆபத்து. காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியலில் நீரும் மின்சாரமும் கலக்கும் அச்சமில்லை. ஆயின் அதன் இடையறாத அதிர்வு, ஆண்டுகள் செல்லச் செல்ல, விரல்களின் உணர்வையே கெடுத்துவிடும்.

வட்டத் தகடு விரலிடுக்கில் நுழையாது. உள்மூலைகளில் கோட்டைக் கடந்து அறுத்துவிடும். கடந்தால் அந்தக் கல்லே பின்னமாகும். பின்னமான திருமேனி பூசைக்கு ஆகாது. ஆகவே திருமுகமும் விரல்களும் இன்றும் சிற்றுளியையே நாடுகின்றன. கல்லின் குற்றத்தை ஓசையால் அறியும் சிற்பியின் செவிக்கும் இரைச்சலிடும் இயந்திரம் உதவாது.

இவை யாவற்றினும் கொடியது தூசி. உலர்ந்த கல்லை வேகமாக அறுக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் துகள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து தழும்பாகின்றது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைத் தடுக்கலாம். வந்தபின் குணப்படுத்தும் மருந்தில்லை. முகத்தில் கட்டிய துண்டு அத்துகளைத் தடுக்காது. தகட்டின் மேல் நீர் சொட்டவிட்டு அறுத்தல், தூசியை உறிஞ்சும் அமைப்பு, நுண்துகளை வடிக்கும் முகக்கவசம் ஆகியவை வேண்டும். நீர் பயன்படும் இடத்தில் அதற்கென அமைந்த இயந்திரமும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் இன்றியமையாதவை.

நீர்விட்டு அறுத்தால் சேறு தெறிக்கும், வரைந்த கோடு மறையும். ஆதலின் வேலை தாமதமாகும். கும்பாபிஷேக நாளைக் குறித்துவிட்டுத் திருவுருவத்தை விரைந்து அனுப்புமாறு நிர்வாகத்தினர் கடிதம் எழுதும்போது, சிற்பக்கூடத்தில் முதலில் நிறுத்தப்படுவது அந்த நீர்க்குழாய்தான். திருப்பணிக்கு ஒப்பந்தம் செய்வோர் விலையையும் நாளையும் பேசும் அதே வேளையில், கல் நீர்விட்டு அறுக்கப்படுகின்றதா என்பதையும் கேட்க வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் நாட்களையும் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.