கடி வாங்கியவர் யார், பேர் வாங்கியவர் யார்?



உலக மக்களின் ஆரோக்கியத்துக்கு நாங்கதான் தலைமைன்னு சொல்ற பொதுச் சுகாதாரப் பள்ளிகள் எதற்காகத் தொடங்கப்பட்டன? 1898-இல் லிவர்பூல் பள்ளிக்குப் பணம் கொடுத்தவர் ஆல்பிரட் ஜோன்ஸ். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்ட முதலாளி. 1899-இல் லண்டன் பள்ளிக்குத் துணை நின்றது பிரிட்டனின் காலனி அமைச்சகம். காய்ச்சலில் சாகும் வெள்ளை அதிகாரியையும் வியாபாரியையும் காப்பாத்தணும். அதுதான் அவர்களுடைய அவசரம்.

1897-இல் செகந்திராபாத்தில் உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுக்களைக் கடிக்க விட்டார்கள். ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி. அப்படிக் கடித்த கொசுவின் வயிற்றில்தான் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். லிவர்பூல் பள்ளியில் ஆசிரியரானார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். உசேன் கானுக்கு?

கொசு மலேரியாவைப் பரப்பும் என்ற அறிவு நமக்கும் பயன்பட்டது, மறுக்கல. கேள்வி தலைமை பற்றியது. நகரத்தின் சுகாதாரமே சாக்கடை அள்ளுகிறவர் உழைப்பில்தான் நிக்குது. 2013-இல் சட்டம் தடுத்த பிறகும் நம்ம ஆட்கள் மலக்குழியில் விஷவாயு தாக்கிச் சாகிறார்கள். எதை ஆராய்வது, பணத்தை எங்கே செலவழிப்பதுன்னு முடிவு செய்ற இடத்தில் அவர்கள் பிள்ளைகள் உட்காரட்டும். அப்புறம் தலைமையைப் பத்திப் பேசலாம்.