மூலப்படம் பத்திரம்!
(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே கையை நீட்டினால், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் ஏறக்குறைய கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். 1987-இல் குடமுழுக்கு கண்ட, 13 நிலை, 236 அடிக் கோபுரம்! பொம்மைகள் தனித்தனியாகத் தெரியாது. ஆனா உருவம் கெடாது. கம்ப்யூட்டரில் 'தம்ப்நெயில்' என்கிறோமே, அதுவும் இதுதான்.

நம்ம சங்கம் பழைய குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்கிறது. 12-க்கு 10 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 3600-க்கு 3000, அதாவது 1 கோடியே 8 லட்சம் புள்ளிகள். செல்போனில் வரிசையாகக் காட்ட 240-க்கு 200 போதும். 225 புள்ளி இருந்த இடத்தில் ஒரே புள்ளி!

பைத்தான் மொழியில் 'பில்லோ' என்ற நிரல் நூலகம் இதை நாலைந்து வரியில் முடித்துத் தரும். பிரெட்ரிக் லுண்ட் எழுதிய பழைய நூலகத்திலிருந்து 2010-இல் கிளைத்தது அது. மாணவர்கள் மூன்று விஷயம் கவனிக்கணும்.

ஒன்று: 'ரீசைஸ்' நீங்க சொன்ன அளவுக்கு அப்படியே இழுத்துவிடும். சதுரம் என்றால் கோபுரம் குட்டையாகிவிடும். 'தம்ப்நெயில்' நீள அகல விகிதத்தைக் காக்கும். சின்னப் படத்தைப் பெரிதாக்காது.

இரண்டு: 225-இல் ஒன்றை மட்டும் பொறுக்கும் 'நியரஸ்ட்' முறை வேகமானது. ஆனா சிற்ப வரிசை, கட்டம் போட்ட சட்டையெல்லாம் இல்லாத கோடுகளாக நெளியும். 'லான்சோஸ்' அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் எடைபோட்டுக் கலக்கும். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சுருக்கிய படத்தை மூலப்படத்தின் பெயரிலேயே சேமிக்காதீங்க. அரை அங்குல முகம் ஸ்கேனில் 150 புள்ளி அகலம்; சிறுபடத்தில் வெறும் 10. அதை மறுபடி விரித்தால் கண்ணும் மூக்கும் திரும்பி வராது, மங்கல்தான் பெரிதாகும்.

அந்த வரிசைகளில் நின்றவர்கள் சிலர் இன்று நம்மோடு இல்லை. சில வீடுகளில் அவர்களுடைய இளமைக்கால முகம் இருப்பது இந்த ஒரு படத்தில்தான். பேரப்பிள்ளை வந்து, "இதில தாத்தா யாருங்க?" என்று கேட்டால் 10 புள்ளியைக் காட்ட முடியுமா?

ஆகவே 'மூலம்' தனி ஃபோல்டர், 'சிறுபடம்' தனி ஃபோல்டர். மூலத்துக்கு வேறொரு டிஸ்கில் இன்னொரு நகல். சிறுபடம் போனால் இன்னொரு தடவை செய்துகொள்ளலாம். மூலம் போனால் போனதுதான்.

இந்தப் பொறுப்பை மாணவச் செல்வங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.