இரத்தப் புற்றுநோயின் வகைகளும் வளர்ச்சித் திட்டமும்

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பொருளியல் பயின்று, மத்திய அரசுப் பணியில் புள்ளிவிவரங்களோடு காலம் கழிப்பவன். எனினும் தீவிர இரத்தப் புற்றுநோய் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. இந்நோயின் வகைகள் எல்லா மக்களிடையேயும் ஒரே விகிதத்தில் காணப்படுவதில்லை. எந்த வகை என்பதைப் பொறுத்தே மருந்தும் செலவும் பிழைக்கும் வாய்ப்பும் அமைகின்றன. ஆகவே இது திட்டமிடுவோரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சியடையாத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். இதில் லிம்போபிளாஸ்டிக் வகை குழந்தைகளிடமும், மைலாய்டு வகை பெரியவர்களிடமும் மிகுதி. லிம்போபிளாஸ்டிக் வகையிலும் பி அணுவில் தோன்றுவது, டி அணுவில் தோன்றுவது என இரு கிளைகள் உண்டு.

மேலை நாடுகளில் லிம்போபிளாஸ்டிக் நோயுற்ற குழந்தைகளில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கே டி அணு வகை காணப்படுகிறது. இந்திய மருத்துவமனைகள் பல, குறிப்பாக 1980-களிலும் 1990-களிலும், இதைவிடக் கணிசமாக உயர்ந்த விகிதத்தைத் தெரிவித்தன. டி அணு வகைக்குக் கடுமையான சிகிச்சை தேவைப்படுவதால் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாகும்.

இதற்குப் பிறவிக் கூறுதான் காரணமா? வரலாறு வேறொன்றையும் சுட்டுகிறது. 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடையே பி அணு வகை உச்சமடைவது பிரிட்டனில் 1920-களிலும், அமெரிக்க வெள்ளையரிடையே 1940-களிலும், ஜப்பானில் 1960-களிலும் தெளிவாயிற்று. வளம் பெருகித் தூய்மை மிகும்போது, குழந்தை தொற்றுகளைக் காலந்தாழ்த்திச் சந்திக்கிறது. அப்போது அதன் எதிர்ப்பாற்றல் முறைகேடாக இயங்குவது நோய்க்கு ஒரு தூண்டுதலாகலாம் என்பது பிரிட்டிஷ் அறிஞர் மெல் கிரீவ்ஸின் கருத்து. இதன்படி, ஏழைச் சமுதாயங்களில் டி அணு வகை மிகுந்திருப்பதன்று. பி அணு வகை குறைந்திருப்பதால் டி அணு வகையின் விகிதம் உயர்ந்து தெரிகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. அதுவே என் போன்றோரின் கவனத்துக்கு உரியது. காய்ச்சலும் சோகையும் கொண்ட சிற்றூர்க் குழந்தைக்கு மலேரியா என்றோ ஊட்டக்குறைவு என்றோ சிகிச்சை நடந்து, நோய் இன்னதென்று தெரியாமலே அக்குழந்தை இறந்துவிடலாம். அந்த இறப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் அந்த விகிதம் மக்கள் தொகையின் விகிதமாகாது.

இதனை உணர்ந்தே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 டிசம்பரில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூர், சென்னை, மும்பை ஆகிய நகரங்களில் மக்கள் தொகைப் பதிவேடுகளும், சண்டிகர், திப்ருகார், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் மருத்துவமனைப் பதிவேடுகளும் அமைந்தன. இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தினரும் வருகின்றனர். மருத்துவமனைப் பதிவேடு அவர்களையும் எண்ணும். மக்கள் தொகைப் பதிவேடோ குறிப்பிட்ட எல்லைக்குள் வாழ்வோரை மட்டுமே எண்ணும். எனவே அதைக் கொண்டே ஒரு வட்டாரத்தின் நோய் வீதத்தைக் கணிக்க இயலும்.

அத்தகைய பதிவேட்டின் பயனைக் கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் காணலாம். அக்கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அதனால் இரத்தப் புற்றுநோய் பெருகும் என்ற அச்சம் மக்களிடையே நிலவிற்று. 1990-இல் அங்கே பதிவேடு தொடங்கிற்று. 69,958 பேரை 2005 இறுதி வரை தொடர்ந்து கவனித்ததில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. அவர்களுள் 30 பேருக்கு இரத்தப் புற்றுநோய். கதிர்வீச்சின் அளவோடு நோய் கூடியதாகப் புலப்படவில்லை. இரத்தப் புற்றுநோயாளர் சிலரே என்பதால் இம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஆயினும் வதந்திக்குப் பதில் கூற எண்கள் கிடைத்தன.

வகையறிதலின் பொருளாதாரப் பயனுக்கு வேலூர் சான்று. மைலாய்டு வகையுள் புரோமைலோசைட்டிக் என்னும் பிரிவு லத்தீன் அமெரிக்க மரபினரிடையே மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இரத்தக் கசிவால் விரைவில் உயிரைப் பறிக்கும் இந்நோய், உடனே கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை இந்நோய் புதிதாகக் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற ஒரே மருந்தைக் கொண்டு குறைந்த செலவில் சிகிச்சை அளிக்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் உயிர் வாழ்வோர் விகிதம் ஏறத்தாழ 86 விழுக்காடு. வகை தெரியாதிருந்தால் இந்த மருந்தைத் தேர்ந்திருக்கவே இயலாது.

அன்பர்களே, ஒரு மக்களிடம் காணும் விகிதத்தை வேறு மக்களுக்கான திட்டத்துக்கு அப்படியே கொள்வது பொருந்தாது. மூன்று பணிகள் நம்முன் உள்ளன. சோகையும் நீடித்த காய்ச்சலும் உள்ள குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்தப் பரிசோதனை நடைபெற வேண்டும். அணுவின் வகையைக் கண்டறியும் சோதனை மாவட்டத்துக்கு எட்டும் தொலைவில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கோடிக்கணக்கில் மருந்துக்கு ஒதுக்கும் அரசுக்கு இவற்றின் செலவு பெரிதன்று. மேலும், பதிவேட்டில் வராத குழந்தைக்காக எந்த நிதிநிலை அறிக்கையிலும் பணம் ஒதுக்கப்படுவதில்லை என்பதை என் பணி அனுபவத்தால் அறிவேன்.