கோணலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'ஆங்கிலக் கல்வியின் இன்றியமையாமை' என்னும் தலைப்பில் பேசுமாறு கழகத்தார் எம்மைப் பணித்துள்ளனர். அது பெரிய தலைப்பு. அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு வேண்டுகிறோம். வளைந்தும் முறுக்குண்டும் சிக்குண்டும் கிடப்பனவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சில சொற்களைப் பற்றியே பேச எண்ணுகிறோம். விழா மேடையிலும் இலக்கணப் பாடமா என்று மாணவர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. இதற்குள் நம் நிலமும் அடங்கியிருக்கிறது.

1983-ஆம் ஆண்டில், யாம் எட்டாம் வகுப்பில் பயின்ற காலத்தில், எம் தந்தையாருக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து மடல் வந்தது. பாட்டனார் உழுத பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது குறித்து அவர் கொடுத்திருந்த மனுவுக்கு அது மறுமொழி. தமிழே ஆட்சிமொழி என்று 1956-இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தும் மடல் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் தட்டச்சு. எம்மைப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தோம், பொருள் விளங்கவில்லை. "உனக்கும் வெளங்கலையா தம்பி?" என்று கேட்டாரேயன்றிச் சினக்கவில்லை. மனு எழுதுபவர் ஒருவரிடம் இரண்டு ரூபாய் கொடுத்துக் கேட்டபோது, "பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். காத்திருந்தோம். ஆண்டுகள் கழிந்தன.

பட்டப் படிப்பு முடித்த பின்னர் அம்மடலை யாமே எடுத்துப் படித்தோம். முன்கடிதங்களின் எண்கள் நான்கு, 'எனினும்' இரண்டு, 'இதற்கு உட்பட்டு' ஒன்று. இவற்றைத் தாண்டிச் சென்றால் கடைசி வரிக்கு முந்திய வரியில் இருந்த செய்தி, 'இயலாது' என்பதே. மேலதிகாரியிடம் முறையிட அறுபது நாள் கெடு உண்டு என்பதும் அதே வரியில் இருந்தது. கெடு முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மடலுக்கு ஏற்ற பெயர் அம்மடலின் மொழியிலேயே இருக்கிறது. 'டார்ச்சுவஸ்' என்பது அது. முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல். (இலத்தீனத்தை யாம் முறையாகக் கற்றவரல்லோம், அகராதியே ஆசான்.) வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைக்கு முதலில் வழங்கி, நேர்வழி செல்லாத பேச்சுக்கும் வாதத்துக்கும் பின்னர் வந்து சேர்ந்தது. அவ்வேரின் குடும்பம் பெரியது. உடலை முறுக்கி வதைப்பது 'டார்ச்சர்'. உண்மையை முறுக்குவது 'டிஸ்டார்ட்'. கையை முறுக்கிப் பொருள் பறிப்பது 'எக்ஸ்டார்ட்'. ஒருவர் பிறர்க்கு இழைக்கும் தீங்கைச் சட்டத்தார் 'டார்ட்' என்பர். 'டார்ச்சுவஸ்', 'டார்ச்சரஸ்' என்னும் இரண்டையும் மாற்றி எழுதி மாணவர் மதிப்பெண் இழப்பதுண்டு. முன்னது வளைவைச் சொல்வது, பின்னது வதையைச் சொல்வது. எழுத்தில் ஓர் 'ஆர்' மட்டுமே வேறுபாடு. எம் தந்தையாருக்கு அவ்வோர் எழுத்தின் வேறுபாடும் இருந்ததில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. தவறு எனப் பொருள்படும் 'ராங்' என்னும் சொல்லுக்கும் பழம்பொருள் முறுக்குண்டது, கோணலானது என்பதே. துணியை முறுக்கிப் பிழிவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதற்கு உறவு. 'ரைட்' என்பதன் பழம்பொருள் நேரானது. தமிழில் நோக்குங்கள். 'கொடு' என்றால் வளைவு. அதனடியாக வந்தது கொடுமை. நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். வள்ளுவரும் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரண்டதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒன்றற்கொன்று உறவில்லாத மொழிகள், அநீதியைக் கோணலாகவே கண்டிருக்கின்றன.

ஆனால் சிக்கலானவை யாவும் தீயவை என்று எண்ணிவிடலாகாது. ஆங்கிலம் இங்கே நுட்பமாகப் பிரிக்கிறது. கைக்கடிகாரத்தின் உள்ளமைப்பையும், பூவேலை செய்த பாயையும் 'இன்ட்ரிகேட்' என்றால் அது பெரும்பாலும் பாராட்டு. மனித உடலும் பருவமழையும் 'காம்ப்ளெக்ஸ்'. பல உறுப்புகள் ஒன்றோடொன்று பின்னி இயங்குவது அவற்றின் இயல்பு, யாரையும் குறை சொல்வதற்கில்லை. 'காம்ப்ளிகேட்டட்' என்பது மடித்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. மடிப்பின்மேல் மடிப்பாக விழுந்து விளங்குதற்கு அரிதானது. அம்மடிப்பை விரித்துக் காட்டினால் 'எக்ஸ்ப்ளிசிட்', அதாவது வெளிப்படை. 'கன்வலூட்டட்' என்பதோ ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டப்பட்டது. ஒருவர் எழுத்தையோ வாதத்தையோ அவ்வாறு சொன்னால், நேராகச் சொல்லியிருக்கலாம் என்னும் குறை அதில் ஒலிக்கும். இவ்விழா மலரைச் சுட்டும் 'வால்யூம்' என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே; பண்டைய நூல்கள் சுருள்களாக இருந்தமையால் அப்பெயர்.

இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் அறிய வேண்டுமென்று யாம் ஏன் விரும்புகிறோம்? புரியாத தாளொன்றைக் கண்டவுடன், 'என் அறிவு போதவில்லை' என்று தலைகுனிவது நம் பிள்ளைகளிடம் இன்றும் காணும் பழக்கம். எட்டாம் வகுப்பில் யாமும் அவ்வாறே குனிந்தோம். பொருள் இயல்பிலேயே சிக்கலானதா, எழுதியவர் சிக்கலாக்கினாரா என்று முதலில் கேட்கக் கற்றிருந்தால் தலை நிமிர்ந்தே கேட்டிருப்போம்.

ஆங்கிலேயர்தாமே தம் அலுவலகங்களை எள்ளியிருக்கின்றனர். சார்லஸ் டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை தொடராக எழுதிய 'லிட்டில் டாரிட்' என்னும் புதினத்தில், சுற்றிவளைத்துப் பேசுதல் என்றே பெயர் பூண்ட ஓர் அரசு அலுவலகம் வருகிறது. எதையும் எவ்வாறு செய்யாதிருப்பது என்று காண்பதே அதன் பணி. டிக்கன்சின் தந்தை கடனுக்காக 1824-இல் மார்ஷல்சீ சிறையில் அடைபட்டவர். மகன் தம் பன்னிரண்டாம் வயதில் காலணி மை செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். தாள்களால் குடும்பம் சிதைவதைக் கண்டவரின் எள்ளல் அது. செர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் பெயரிலும் ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி உண்டு. குற்றம் இன்னதென்று அறியாமலே வழக்கில் சிக்கியவனைப் பற்றிய அவர் புதினம் 1925-இல், அவர் மறைந்த மறு ஆண்டு, வெளிவந்தது. 'பைசன்டைன்' என்பது 1453-இல் வீழ்ந்த பேரரசொன்றின் அரண்மனைச் சூழ்ச்சிகளை நினைந்து வைத்த பெயர். அப்பேரரசின் வரலாற்றுக்கு அது முழு நீதி செய்வதன்று.

கிரேக்கக் கதைகள் தந்த சொற்களுள் இரண்டைச் சொல்ல வேண்டும். கோர்டியம் நகரில் ஒருவராலும் அவிழ்க்க இயலாத முடிச்சொன்றை அலெக்சாந்தர் வாளால் வெட்டினான் என்பர். நம் பாடநூல்கள் அதனைப் புகழும். எமக்கு அதில் அத்துணை மதிப்பில்லை. வாள் உடையவனுக்கு அவ்வழி, நமக்கு அவிழ்க்கத்தான் வேண்டும். மற்றது 'லேபிரிந்த்'. கிரீட் தீவின் அரசன் மைனாஸ் கட்டுவித்த, உள்ளே சென்றார் மீளாத சுழல்வழி மாளிகை அது. உள்ளே எருதுத் தலையுடைய அரக்கன். அரசன் மகள் அரியாட்னி, தீசியஸ் என்பானிடம் ஒரு நூற்பந்தைக் கொடுத்தாள். வாயிலிலிருந்து அதனை அவிழ்த்துக்கொண்டே சென்றவன் அரக்கனைக் கொன்று, அந்நூலைப் பற்றியே திரும்பினான். துப்பு என்று நாம் வழங்கும் 'க்ளூ' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் நூற்பந்து என்பதே.

ஆங்கில அலுவலக மடலுக்குள் நுழைய யாம் மாணவர்க்குக் கொடுக்கும் நூற்பந்து வினைச்சொல். தமிழில் முற்றுவினை வாக்கிய இறுதியில் நம்மை வந்து எதிர்கொள்ளும். ஆங்கிலத்தில் அஃது இடையில் எங்கோ புதைந்து கிடக்கும். அதனைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் கோடிடுக. பின்னர், செய்தவர் யார் என்று கேட்க. 'முடிவு செய்யப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்து, முடிவு செய்தவர் பெயர் இல்லையேல் அதனையும் குறித்துக்கொள்க. அதன்பின் நாள், கெடு.

நேரான ஆங்கிலத்துக்குச் சான்று வேண்டுமா? தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். இரண்டே வாக்கியங்கள். வரைவுக் குழுவின் தலைவராயிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அதே நூலில் நீண்ட பிரிவுகளும் விலக்குகளும் உள்ளன. காக்க வேண்டியதைக் காக்க அவையும் வேண்டுவனவே. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த அரசாணைப்படி நமக்கு வழங்கிய நிலங்களில், நம்மவரல்லாதார்க்கு உரிமை மாற்றலாகாது என்னும் கட்டுப்பாடும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. அந்த மடிப்பு நம்மைக் காக்க வைத்தது. நாம் அதனைப் படிக்கவில்லை, வாங்கியவர்கள் படித்திருந்தனர்.

சென்ற மாதம் நம் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டிக்கு வந்த மடலொன்றைக் கொணர்ந்தாள். அரைமணி நேரம் பென்சிலும் கையுமாக இருந்தாள். பின்னர் அதன் ஓரத்தில், 'காம்ப்ளெக்ஸ் அன்று, கன்வலூட்டட். கெடு 21 நாள்' என்று எழுதிக் கொடுத்தாள். அன்றே மறுமொழி எழுதி, மறுநாள் பதிவஞ்சலில் சேர்த்தோம்.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கழக நூலகத்தில் அமர்ந்திருப்போம். வீட்டில் பெட்டியடியில் கிடக்கும் மடல்களையும் பட்டாக்களையும், எத்துணைப் பழையனவாயினும், கொணருமாறு வேண்டுகிறோம். எம் தந்தையாரின் மடலையும் யாம் எடுத்து வருவோம்.