நாரி நோவும் மருந்துக் குளிசையும்



முதுகின் அடிப்பாகத்தை வடபுலத்தார் 'நாரி' என்று வழங்குவர். நாரிப்பிடிப்பு, நாரி நோ என்னும் சொற்கள் கேளாத வீடு எங்கள் பகுதியில் இல்லையெனலாம். தோட்டத்திலே மண்வெட்டி பிடிப்பவர்க்கும் நாரி நோகும். கந்தோரிலே கதிரையை விட்டெழாதவர்க்கும் நோகும். 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறக்குறைய 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இந்நோவினால் வருந்தினர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களுட் பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் நோ தானே தணிந்துவிடும். மூன்று மாதங் கடந்தும் தணியாது உடன் தங்கிவிடும் நோவைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். எனக்கும் அதனோடு பதினோராண்டுப் பழக்கம் உண்டு.

நான் வைத்தியனல்லன், கலைப்பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபன். எனினும் நாட்பட்ட நோயாளி தன் வைத்தியரைக் காண்பது மாதத்திற் சில நிமிட நேரமே. எஞ்சிய நாளெல்லாம் குளிசைப் பெட்டியுடன் தனித்து வாழ்பவன் அவனே. அந்தத் தனிமையில் அவன் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலாவதாக, மருந்தினிடம் நாம் எதனைக் கேட்கலாம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். நோவை வேரோடு பிடுங்கிவிடு என்று கேட்டால், அஃது எந்தக் குளிசையாலும் இயலாத காரியம். பரசிற்றமோல் என்னும் எளிய மருந்தையே எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியாவிலே புதிதாக நாரி நோ கண்ட 1,600க்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2014இல் வெளியாயிற்று. பரசிற்றமோல் உண்டவரும், மருந்தே இல்லாத வெறுங் குளிசை உண்டவரும் ஏறத்தாழ ஒரே காலத்திற் குணமடைந்தனர் என்பதே அம்முடிவு. இதைக் கேட்டு மருந்தெல்லாம் வீண் என்று எறிந்துவிட வேண்டியதில்லை. அதன் எல்லையை அறிந்துகொண்டாற் போதும். நான் என் வைத்தியரிடம் கேட்டது, காலைக் கூட்டத்திலே பிள்ளைகள் முன் இருபது நிமிடம் நிற்கவும், இரவிலே ஐந்து மணித்தியாலம் உறங்கவும் வழி வேண்டும் என்பதே. இப்படி அளந்து கேட்டால் வைத்தியரும் அளந்து விடை சொல்லலாம். மருந்து பயன் தந்ததா இல்லையா என்பதை ஒரு மாதத்தில் நாமே கண்டுகொள்ளலாம். பயன் தராத மருந்தைப் பழக்கத்தின் காரணமாகத் தொடர்ந்து விழுங்குவதைப் போல அறியாமை வேறில்லை.

இவ்விடத்திற் படம் பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்கான் படத்திலே தட்டு விலகியிருக்கிறதாம்' என்று கலங்கி, அதன்மேல் இன்னும் இரண்டு குளிசை கூட்டிக்கொள்வோரைக் கண்டிருக்கின்றேன். 1994இல் அமெரிக்காவிலே நாரி நோவே இல்லாத 98 பேரை எம். ஆர். ஐ. படம் பிடித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 36 பேருக்கே முள்ளந்தண்டின் தட்டுகள் யாவும் பழுதற்றிருந்தன. ஏனையோர் அவ்விலகலுடனேயே சுகமாக நடமாடித் திரிந்தார்கள்! படத்திற் காண்பதெல்லாம் நோவின் காரணமாகிவிடாது.

இனி, பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதனைச் சற்று விரித்தே சொல்வேன். ஏனெனில் ஆபத்தின் பெரும்பகுதி பெயர்க் குழப்பத்திலேயே உள்ளது. மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் இயற்பெயர். மற்றது உற்பத்தி செய்யும் கம்பனி சூட்டும் வியாபாரப் பெயர். டைக்குளோபினக் என்னும் ஒரே மருந்து பல கம்பனிகளின் கைப்பட்டுப் பல பெயர்களில் வருகின்றது. இக்குழப்பத்தை நம் நாட்டிலே முன்னின்று களைய முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியகலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் வகுத்த கொள்கையின் பயனாக 1971ஆம் ஆண்டிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. இயற்பெயரால் மருந்தை வாங்கவும் எழுதவும் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. அஃது அரசின் பணத்தை மிச்சம்பிடிக்க எழுந்த கொள்கை என்றே பலர் எண்ணுவர். நோயாளியின் உயிரைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்பதற்கு நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கின்றேன்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், நாரி நோவுக்கு ஒரு வைத்தியரிடமும் முழங்கால் நோவுக்கு வேறொரு வைத்தியரிடமும் மருந்து பெற்றுவந்தார். ஒன்று மஞ்சட் குளிசை, மற்றது இளஞ்சிவப்புக் குளிசை, பெயரும் வேறு. இருவருக்கும் மற்றவர் எழுதிய துண்டைக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை. ஆறு வாரங்களின் பின் ஒருநாட் காலை மலம் தார்போற் கறுத்துப் போயிற்று. தலை சுற்றிக் கொல்லையிலே விழுந்தார். வைத்தியசாலையிலே மூன்று போத்தல் இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு விசாரித்தபோது இரண்டு குளிசையும் டைக்குளோபினக்கே. அவர் படிப்பிப்பது இரசாயனவியல்.

ஆதலால், குளிசை மட்டையிலே பெரிய எழுத்தை விட்டுச் சிறிய எழுத்தை வாசியுங்கள். பனடோல் என்பதும் பரசிற்றமோலே. தடிமனுக்கென்று கடையில் வாங்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளக்கூடிய உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசையில் எட்டு. ஒரு வேளைக்கு இரண்டுக்கு மேற்படாமலும், வேளைக்கு வேளை நான்கு மணித்தியாலமேனும் இடைவெளி விட்டும் உட்கொள்ள வேண்டும். உடல் மெலிந்தவர், மது அருந்துபவர், ஈரல் நோயாளர் ஆகியோர்க்கு அந்த எட்டும் அதிகம். அவர்கள் வைத்தியரைக் கேட்டே அளவை அறிய வேண்டும். அளவு கடந்தால் முதலிற் கெடுவது ஈரல். அதிலும் முதல் நாளிலே பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை.

டைக்குளோபினக், இபுபுரூபன் முதலியன அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தவை. இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அதே 1971இலே இங்கிலாந்தில் ஜோன் வேன் என்பார் விளக்கினார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். நோவையும் வீக்கத்தையும் எழுப்பும் ஒருவகைப் பொருள் உடலில் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. அப்பொருளோ நோவை மட்டும் எழுப்புவதன்று. இரைப்பையின் உட்சுவரை அமிலத்தினின்று காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்லுவதை ஒழுங்குசெய்வதும் அதுவே. காவற்காரனையும் கலகக்காரனையும் ஒருங்கே சிறைப்பிடித்தாற் போன்றது இம்மருந்தின் தொழில்! எனவே இதனை வெறுவயிற்றில் உட்கொள்ளலாகாது. குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு மட்டுமே உட்கொள்ள வேண்டும். குடற்புண் இருந்தவர்க்கு இரைப்பையைக் காக்கும் ஒமெப்பிரசோல் போன்ற மருந்தையும் வைத்தியர் சேர்த்துக் கொடுப்பார்.

இரத்த அமுக்கத்துக்கு லொசார்ட்டன் அல்லது எனலப்பிரிலும், அதனோடு சிறுநீர் போக்கும் குளிசையும் எடுப்பவர்கள் என் வயதினரில் அநேகர். அவற்றோடு டைக்குளோபினக்கும் சேருமாயின் சிறுநீரகம் மும்முனைத் தாக்குதலுக்கு உள்ளாகும். இருதயத்துக்கென்று சிறு அஸ்பிரின் எடுப்பவர்க்கு இரத்தக்கசிவு அபாயம் மேலும் பெருகும். காரணம் தெளியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்திலே எத்தனை குடும்பங்களைத் துன்புறுத்தி வருகின்றது என்பதை நேயர்கள் அறிவீர்கள். வயல் வேலை முடிந்து நாரி நோவோடு வரும் அம்மக்கள் பாமசியிலே துண்டின்றி வாங்கும் இரண்டு குளிசையை எண்ணும்போது எனக்கு உள்ளம் பதறுகின்றது.

காலம் பற்றிய கேள்வியும் உண்டு. நோ உச்சத்தை அடைந்த பின் மருந்தைத் தேடி ஓடுவது ஒரு வழக்கம். நோகும் வேலை இன்னதென்று தெரிந்திருந்தால், அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னரே வைத்தியர் சொன்ன அளவை எடுத்துக்கொள்வது மேல். இதற்கு ஒரு கொப்பி வேண்டும். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி போதும். எந்நேரம் எடுத்தேன், எத்தனை எடுத்தேன், எதற்காக எடுத்தேன், எவ்வளவு நேரம் நின்றேன் அல்லது நடந்தேன் என்று நான்கு நிரல் கோடிட்டுக்கொள்ளுங்கள். 'நோ எப்படி?' என்று வைத்தியர் கேட்டால் 'இருக்குது ஐயா' என்று சொல்லி வருகிறோமே, அதற்குப் பதிலாகக் கிளினிக் கொப்பியோடு இதனையும் நீட்டலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குளிசையே எடுப்பதில்லை என்பதை என் கொப்பிதான் எனக்குக் காட்டிற்று. பயணம் இல்லாத நாள் அது. நாற்பது நிமிட பஸ் பயணமே என் பகைவன் என்று அப்போது தெளிந்து, வழியில் இறங்கிச் சிறிது நடந்து அடுத்த பஸ்ஸில் ஏறத் தொடங்கினேன்.

சிலருக்கு இரவிலே சிறிய அளவு அமிற்றிப்பிற்றிலின் எழுதப்படும். அது மனச்சோர்வுக்கான மருந்தென்று யாரோ சொல்லக் கேட்டு, 'என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்' எனச் சினந்து குப்பையிலே எறிந்தவரை நான் அறிவேன். நரம்பு நோவுக்கும் அதனைச் சிறிய அளவிற் கொடுப்பதுண்டு. ஐயமிருந்தால் எழுதியவரையே கேட்கலாமே!

திரமடோல், கொடெயின் முதலிய வலிய மருந்துகளைப் பற்றி அவதானமாகவே பேச வேண்டும். புற்றுநோயாளியின் வேதனைக்கும் சத்திரசிகிச்சையின் பின்னரும் இவ்வினத்து மருந்துகள் பெரும் வரப்பிரசாதம், அதில் ஐயமில்லை. நாரி நோவுக்கோ கதை வேறு. அவுஸ்திரேலியாவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆராய்ச்சியிலே, புதிய நாரி நோவுக்கும் கழுத்து நோவுக்கும் இவ்வினத்து மருந்து வெறுங் குளிசையைவிட அதிக நன்மை தரவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் நாட்பட்ட நாரி நோவுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்திற்று. மலச்சிக்கலும் மயக்கமும் உடனே வரும். பழக்க அடிமை பின்னே வரும். ஏற்கெனவே பல மாதமாக எடுத்துவருபவர், இப்பேச்சைக் கேட்டுவிட்டு நாளையே நிறுத்திவிடக்கூடாது. சடுதியாக நிறுத்தினால் உடல் நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். வைத்தியரின் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். கபபென்ரின், பிரெகபலின் என்பவற்றுக்கும் இதுவே விதி.

பிரெகபலின் குளிகைகளை இளைஞர்கள் போதைக்காகத் தேடுவதை அதிபன் என்ற முறையில் அறிவேன். தாத்தாவின் நாரி நோ மருந்து பேரனின் சட்டைப்பைக்குப் போக அதிக தூரமில்லை. எண்ணி வைத்து அலுமாரியைப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டார் கேட்டாலும் உங்கள் குளிசையைக் கொடாதீர்கள். அவர் மனம் நோகட்டும்.

எண்ணெய் தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம் என்பன இதந் தருமாயின் தாராளமாகச் செய்யலாம். இடுப்புப் பட்டியை அவ்வுலக நிறுவனம் ஊக்குவிக்கவில்லை. நடையும், வைத்தியசாலை இயன்மருத்துவப் பகுதியினர் சொல்லித்தரும் பயிற்சியுமே நெடுங்காலத்திற்கு உதவுபவை. காலைக் குளிசையினால் எனக்குக் கிடைக்கும் இரண்டு மணித்தியாலச் சுகத்தை நான் கதிரையிற் செலவிடுவதில்லை. பாடசாலை மைதானத்தைச் சுற்றி நடக்கின்றேன்.

முடிக்குமுன் ஒரு முக்கிய செய்தி. மலவாயிலைச் சூழ்ந்த பகுதியும் தொடையின் உட்புறமும் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, கால் வலுவிழந்து துவளுதல் ஆகியன தோன்றினால் குளிசை எடுத்துப் படுக்கலாகாது. அடுத்த கிளினிக் நாளும் வேண்டாம். அந்த இரவே பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நோவோடு காய்ச்சல் வந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும் தாமதியாது காட்டுங்கள். போகும்போது வீட்டிலுள்ள மருந்து மட்டைகள் யாவற்றையும், சித்த ஆயுள்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையிலே போட்டு எடுத்துச் செல்லுங்கள்.