கைநூலுக்கு முறுக்கு ஏற்றும் வகை
(எமது சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆவணியில் பூவரசங்குளத்து வாலிபராகிய நாம் நூற்ற நூலைச் சிட்டங்களாகக் கட்டி நெசவாளர் ஒருவரிடம் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவர் அதைத் திருப்பித் தந்தார். "தம்பிமாரே, இது ஊடைக்கும் உதவாது, பாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம்" என்றார். நூல் வெடுக்கென்று அறுந்திருந்தால் பஞ்சைக் குறை கூறியிருக்கலாம். அதுவோ மெல்ல இழுத்தவுடன் இழை வழுக்கிப் பிரிந்தது. முறுக்குப் போதவில்லை. மணிக்கு எத்தனை கெஜம் என்று நம்மிடையே போட்டி வைத்ததன் பலன் அது.

1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், கதர் நிதிக்குப் பொருள் சேர்த்துச் சென்றதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் 1925இல் நிறுவிய அகில பாரத சர்க்கா சங்கத்தில் முதல் வகுப்பு உறுப்பினராக மாதம் 1000 கெஜம் தாமே நூற்ற நூல் கொடுக்க வேண்டியிருந்தது. நூல் நன்கு முறுக்கேறியதாயும் ஒரே சீராயும் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதியிலேயே இருந்தது. நாம் கெஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்!

சரி, எவ்வளவு முறுக்கு வேண்டும்? கதிரின் நுனியிலிருந்து நூலைச் சாய்வாகப் பிடித்தால், கதிர் ஒருமுறை சுழல நூலில் ஒரு முறுக்கு ஏறும். நூலின் நம்பருக்கு வர்க்கமூலம் கண்டு நாலால் பெருக்கினால், பாவு நூலுக்கு ஓர் அங்குலத்துக்கு வேண்டிய முறுக்கு ஏறக்குறைய வந்துவிடும். 16ஆம் நம்பருக்கு 16 முறுக்கு. ஊடைக்கு 13 போதும். நாட்டுப் பருத்தி போன்ற குறுகிய இழைக்குச் சற்றுக் கூட்ட வேண்டும்.

கதிரில் மையால் ஒரு புள்ளி வைத்து, சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினோம். எமது இராட்டையில் கதிர் 64 முறை சுழன்றது. கையை 20 அங்குலம் இழுக்கிறோம். ஆகவே 320 முறுக்கு வேண்டும். சக்கரம் ஐந்து சுற்று. நாம் கொடுத்ததோ மூன்று! அங்குலத்துக்குப் பத்தும் இல்லை. நெசவாளர் சொன்னது முற்றும் உண்மை.

இன்னொரு சங்கதி. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும். பருத்த இடம் தளர்ந்தே கிடக்கும். ஆதலால் முதலிற் சிறிது முறுக்குக் கொடுத்து, பருத்த இடங்களை இழுத்து மெலியச் செய்து, நூல் சீரான பின்பு கையை அசைக்காமல் நிறுத்தி மிகுதிச் சுற்றுக்களைக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு சுற்றுக்குப் பொறுக்காமல் நூலைச் சுற்றிக்கொள்ள அவசரப்படுவதே எங்கள் கையின் பழக்கமாயிருந்தது. மரல் நாரிற் கயிறு திரித்த முதியவர் ஒருவர் அருகிலிருந்து பார்த்துச் சிரித்தார்.

முறுக்கு மிஞ்சினாலும் கேடுதான். நூலைத் தளர்த்திப் பாருங்கள். இலேசாக ஒன்றிரண்டு வளையம் விழுந்தால் நன்று. சிடுக்குச் சிடுக்காகச் சுருண்டால் அளவு கடந்துவிட்டது, பலமும் குறையும். கோயில் விளக்குத் திரியைக் கேட்டால் அது வேறு நியாயம் சொல்லும்: இறுக முறுக்கினால் எண்ணெய் ஏறாது.

கணக்குச் சரியாயிருந்தும் நூல் தளர்ந்தால் கயிற்றைப் பாருங்கள். சக்கரத்தையும் கதிரையும் பூட்டும் கயிறு வழுக்கினால் சக்கரம் ஓடும், கதிர் பின்தங்கும். குங்கிலியப் பொடி தேய்த்தோம்; நின்றது. சிட்டத்தைக் கழற்றுமுன் நீர் தெளித்து, இழுத்த நிலையிலேயே உலரவிட்டால் முறுக்கு நிலைக்கும்.

தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் 1949இல் அமைத்த அம்பர் சர்க்காவில் இத்தொல்லை இல்லை. அங்கே முறுக்கின் அளவைப் பற்சக்கரங்களே காக்கும். எமக்கு வாய்த்தது பழைய இராட்டை. எண்ணிக்கை எம் கையில்.

புதிதாக நூற்ற நாலு சிட்டங்கள் இம்மேசையில் இருக்கின்றன. பெரியோர் இழுத்துப் பார்க்கலாம். அதே நெசவாளர் வருகிற தைப்பூசத்துக்குப் பின் இவற்றைப் பாவில் ஏற்றிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதுவரை கெஜப் போட்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம்.